மாரடைப்பும் பரம்பரையும்: எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்

இதய நோய்க்கான மரபணுக் காரணங்களை ஆராய்வது என் வேலை. தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மாத்திரையை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரோடு பேச வேண்டிய விஷயம்.

குலசேகரம்: அக்கா, எங்க அப்பா 48 வயசுல மாரடைப்புல போயிட்டாரு. பெரியப்பாவுக்கு 51-ல ஸ்டென்ட் வெச்சாங்க. எனக்கு 36. ரப்பர் வெட்டுக்குப் போறேன், ஒல்லியான உடம்பு. பயப்படணுமா?

பயப்பட வேண்டாம் தம்பி, ஆனால் இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்னும், அம்மாவோ அக்கா தங்கையோ 65-க்கு முன்னும் இதய நோயில் விழுந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறாகவே எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் அது இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பரம்பரைக் கொழுப்பு நோய். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் செல்கள் தங்கள் மேலிருக்கும் ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று நமக்கு இரண்டு. அதில் ஒன்று பழுதாக வந்தால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறக்குறைய பாதிதான். பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் கூடுதலாக இருக்கும். 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது. உடல் உழைப்பு மிக நல்லது, ஆனால் இந்தப் பழுதை அது சரிசெய்யாது. ஒல்லியாக இருக்கிறோம் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, அதனால்தான் இப்படிப்பட்ட வீடுகளில் 50-ஐத் தாண்டுமுன் ஆட்கள் போகிறார்கள்.

மாத்திரை எதுவும் சாப்பிடாத நிலையில் எல்டிஎல் 190-க்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கும். குதிகாலுக்கு மேலே உள்ள கெட்டியான நாரில் தடிப்போ கட்டியோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், லைப்போபுரோட்டீன்-ஏ என்று எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளுக்கான பரிசோதனை உண்டு. அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

கூடப்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவிடம் பழுது இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பாறசாலை: எச்சிலை டப்பாவில் அனுப்பினால் மாரடைப்பு வருமா என்று மதிப்பெண் போட்டுத் தருகிறார்களாம். எடுக்கலாமா?

இப்போதைக்கு அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பெண் பொய் என்று சொல்லவில்லை. 2007-ல் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு பகுதி மாரடைப்போடு தொடர்புடையது என்று தெரிந்தது. 2018-ல் டிஎன்ஏவில் 66 லட்சம் இடங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, சாதாரண ஆட்களைவிட மூன்று மடங்கு ஆபத்துள்ள 8 சதவீதம் பேரைப் பிரித்துக் காட்டினார்கள். பெரிய வேலைதான். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களின் தரவில் போட்டது. நம்மவர்களுக்குப் பொருத்தும்போது துல்லியம் குறைகிறது. சாதாரண கொழுப்புப் பரிசோதனையே எடுக்காமல் மரபணு மதிப்பெண்ணுக்குப் போவது தலைகீழ் வரிசை.

மார்த்தாண்டம்: எங்க அப்பாவுக்கும் மாரடைப்பு வந்தது. எனக்கும் வருமா?

எந்த வயதில் வந்தது என்பதை எழுதவில்லையே. குலசேகரம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: நம்ம நாட்டு ஆட்களுக்கென்று தனியாக ஏதாவது மரபணுக் கோளாறு உண்டா?

உண்டு. நான் விரும்பிப் பேசும் விஷயம் இது. இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இருக்கிறது. மதுரையிலும் ஹைதராபாத்திலும் இருந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009-ல் இதை விரிவாக வெளியிட்டது. தெற்காசியர்களில் 100 பேருக்கு 4 பேரிடம் இருக்கிறது, மற்ற கண்டங்களில் அபூர்வம். ஆயிரக்கணக்கான வருடங்களாக நம்மோடு வருகிறது. இது ரத்தக்குழாய் அடைப்பைத் தருவதில்லை. இதயத் தசையைப் பலவீனமாக்கும். பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு தெரிவதால், அதற்குள் பிள்ளைகள் பிறந்து அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது. வைத்திருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது இதயம் வீங்கியிருக்கிறது, பம்ப் செய்யும் சக்தி குறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால், நெருங்கிய உறவினர்கள் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்ப்பது நியாயம்.

தக்கலை: கொழுப்பு மாத்திரை சாப்பிட்டு நார்மல் ஆகிவிட்டது. நிறுத்தலாம்தானே?

கூடாது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான்.

நெய்யாற்றின்கரை: டாக்டரம்மா, எங்க அம்மச்சி 92 வயசு வரைக்கும் தேங்காய் எண்ணெய்தான். அது நல்ல கொழுப்பைக் கூட்டும் என்று சொல்கிறார்களே?

களியக்காவிளை (முந்தைய கேள்விக்கு): நான் கோவில்பட்டிக்காரன் அண்ணாச்சி. கடலை எண்ணெய் சாப்பிட்ட எங்க தாத்தாவும் 90 தாண்டினார். உங்க பக்கம் வீட்டுக்கு ஒரு ஸ்டென்ட் இருக்கே, அதுக்குத் தேங்காய்தானே காரணம்?

இரண்டு பேரும் பொறுங்கள். 90 தாண்டிய தாத்தா பாட்டியைத்தான் நாம் காட்டுகிறோம். அதே எண்ணெயில் சாப்பிட்டு 50-ல் போனவர்களைக் காட்ட யாரும் முன்வருவதில்லை.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் எல்டிஎல்லைக் கூட்டும் வகையான நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் அது 20-க்கும் கீழே. கடலை எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டுகிறது, கூடவே நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல்லையும் கூட்டுகிறது. இரண்டும் உண்மை. ஆனால் எச்டிஎல் கூடினால் இதயம் தப்புமா என்பதற்கு மரபணு ஆய்வில் தெளிவான பதில் இருக்கிறது. பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. அவர்களுக்கு மாரடைப்பு குறையவே இல்லை. அதற்கு முன்பே, 2006-ல், எச்டிஎல்லை வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையில் இறப்பு கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். எல்டிஎல் விஷயம் நேர்மாறு. அதைக் கூட்டும் மரபணுக்கள் மாரடைப்பைக் கூட்டுகின்றன, குறைப்பவை குறைக்கின்றன. ஆகவே தேங்காய் எண்ணெய்க்கு எச்டிஎல்லைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

நெய்யாற்றின்கரை: அப்போ அவியலையும் மீன்குழம்பையும் விடச் சொல்றீங்களா? வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி சொன்னதையே நீங்களும் சொல்றீங்க.

நான் சொன்னதில் எண்ணெய்க் கம்பெனி எங்கே வந்தது? மருந்துக் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் நஷ்டம் தந்த சோதனையைத்தான் சொன்னேன். அவியலின் மேல் ஒரு கரண்டி ஊற்றுவது வேறு, பப்படம், பழம்பொரி, பொரித்த மீன் என்று தினமும் அதிலேயே முக்கி எடுப்பது வேறு. எல்டிஎல் 190-க்கு மேல் உள்ள வீட்டில் நான் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்வேன்.

களியக்காவிளைக்காரருக்கு: ஸ்டென்ட் எல்லாவற்றையும் தேங்காயின் தலையில் கட்டாதீர்கள். புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் கேட்காமல் எண்ணெயைப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

மார்த்தாண்டம் (வேறொருவர்): எல்டிஎல் 160, மாத்திரை வேண்டுமா? வேப்பெண்ணெய் உதவுமா?

முதல் கேள்வி உங்கள் டாக்டருக்கு. வேப்பெண்ணெயைக் குடிக்காதீர்கள், அது நஞ்சாகலாம்.

அருமனை: பரம்பரை என்றால் விதிதானே? பிறகு எதற்கு நடையும் கட்டுப்பாடும்?

இல்லை. மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களை 2016-ல் பார்த்தார்கள். புகைக்காமல், உடற்பருமன் இல்லாமல், உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்களுக்கு, அதே ஆபத்தோடு கவனமில்லாமல் வாழ்ந்தவர்களைவிட இதய நோய் 46 சதவீதம் குறைவு.

வெள்ளறடை: மாமா பெண்ணைப் பேசியிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் கொழுப்பு நோய் உண்டு.

நல்ல வேளை கேட்டீர்கள். இருவரிடமும் அதே பழுதான ஏற்பி மரபணு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக வரும். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியம் இல்லாவிட்டால் பதின்வயதிலேயே மாரடைப்பு வரலாம். நிச்சயத்துக்கு முன் இரண்டு பேரும் எல்டிஎல் பாருங்கள். கூடுதலாக இருந்தால் மரபணு ஆலோசகரிடம் போங்கள். டப்பாவில் எச்சில் அனுப்பாமல் முறையான மரபணுப் பரிசோதனை எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மேல்புறம்: அக்கா, எனக்கு எல்டிஎல் 230. தங்கைக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்கும் பார்க்கச் சொன்னால் நோய்க்கார வீடு என்று பேர் வந்துவிடும் என்கிறாள் அம்மா.

அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் இது லேபில் எல்லோரும் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை, சர்க்கரை பார்க்கும்போதே சேர்த்துப் பார்த்துவிடலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தங்கைக்கும் கூடுதல் என்று தெரிந்தால் கல்யாணத்துக்கு முன் தெரிவது அவளுக்கே நல்லது. கர்ப்பத்துக்குத் தயாராகும்போது கொழுப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அம்மாவிடம் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் 230-ஐயும் டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா?