முடியாத படிக்கட்டு, முடியாத நேரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாளில் வரைய முடிந்தாலும் நிஜத்தில் மூட்ட முடியாத சட்டமான பென்ரோஸ் முக்கோணத்தை வரைய உட்கார்ந்தால், ஏதாவது ஒரு மூலை சாதாரணச் சட்டமாகவே முடிந்துவிடுகிறது. அளவோடு சொல்லித்தர முடியுமா?

பதில்: பெரும்பாலும் இது நீட்டும் திசையில் நேரும் பிழைதான். ஐசோமெட்ரிக் கோட்டுத்தாள் (60 டிகிரிக் கோணத்தில் கோடுகள் அச்சிட்ட தாள்) இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் 60 டிகிரி மூலைமட்டம் போதும்.

முதலில் 4 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரையுங்கள். இது நடுவில் வரும் ஓட்டை. கடிகாரச் சுற்றில் போய், ஒவ்வொரு பக்கத்தையும் அது முடியும் முனைக்கு அப்பால் 1 செ.மீ. நீட்டுங்கள். மூன்றும் ஒரே சுற்றில் நீள வேண்டும். ஒன்று எதிர்ப்பக்கம் போனாலும் அந்த மூலை சாதாரண மூலையாகிவிடும். நீட்டிய நுனியிலிருந்து, அந்த முனையில் தொடங்கும் அடுத்த பக்கத்துக்கு இணையாக, அது போகும் திசையிலேயே 7 செ.மீ. கோடு இழுங்கள். அது முடியும் இடத்தில், முதலில் நீட்டிய கோட்டின் திசையிலேயே 1 செ.மீ. வெட்டு. மற்ற இரு மூலைகளிலும் இப்படியே. கடைசியில், ஒரு மூலையின் வெட்டு முடியும் புள்ளியைப் பக்கத்து மூலையின் 7 செ.மீ. கோடு முடியும் புள்ளியோடு வெளிப்புறமாகச் சேர்த்தால் மூன்று கோடுகள் வரும். ஒவ்வொன்றும் சரியாக 8 செ.மீ. இருக்கவேண்டும். குறைந்தாலோ கூடினாலோ எங்கோ கோணம் தப்பியிருக்கிறது.

இப்போது ஒரே வடிவத்தில் மூன்று துண்டுகள் கிடைக்கும். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று துண்டுக்கு ஒரு நிறம் கொடுங்கள். ஒரே துண்டுக்குள் நிழல் மாறினால் மாயை அங்கேயே கலைந்துவிடும்.

ஸ்வீடன் ஓவியர் ஆஸ்கர் ரூட்டர்ஸ்வார்ட் 1934-லேயே சிறு கனசதுரங்களை அடுக்கி இந்த முக்கோணத்தை வரைந்துவிட்டார். லயனல் பென்ரோஸும் அவர் மகன் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸும் இதைப் பற்றிய தங்கள் கட்டுரையை 1958-இல் வெளியிட்டார்கள். பெயர் அவர்களுடையதாக நிலைத்துவிட்டாலும் ரூட்டர்ஸ்வார்டைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கேள்வி: ஏறிக்கொண்டே இருந்தும் புறப்பட்ட இடத்துக்கே வரும் படிக்கட்டுக்குக் கணக்கு ஏதாவது உண்டா, அல்லது கைப்பழக்கமா?

பதில்: கணக்குதான், அதுவும் எளிய கணக்கு. ஐசோமெட்ரிக் பார்வையில், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் சுருங்கித் தெரியும் கோணத்தில், ஒரு பொருளை நீளவாட்டில் ஒரு பங்கு, அகலவாட்டில் அதே பங்கு, உயரவாட்டில் அதே பங்கு நம்மை நோக்கி நகர்த்தினால், படத்தில் அது நகர்ந்ததே தெரியாது. பார்வைக் கோட்டின் மீதே நகர்வதால் அப்படி. ஆகவே படிக்கட்டின் மொத்த ஏற்றத்தை அந்தக் கோட்டுக்குள் ஒளித்துவிட்டால் தலையும் வாலும் ஒட்டிக்கொள்ளும்.

ரைசர் (படியின் நிற்கும் முகம்) உயரம் 3 மி.மீ., ட்ரெட் (கால் வைக்கும் பரப்பு) அகலம் 21 மி.மீ. என்று வையுங்கள். தாளின் மேற்புறத்தில் தொடங்கி வலப்பக்கமாகக் கீழே 5 படி, இடப்பக்கமாகக் கீழே 4, இடப்பக்கமாக மேலே 3, வலப்பக்கமாக மேலே 2. மூலைப் படியை ஒருமுறைதான் எண்ணவேண்டும். ஆக 14 படி, 42 மி.மீ. ஏற்றம். நீளவாட்டில் 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ட்ரெட், அதாவது 42 மி.மீ.; அகலவாட்டில் 4-க்கும் 2-க்கும் அதே 42. மூன்றும் சமம் என்பதால் பதினைந்தாவது படி முதல் படியின் மேலேயே வந்து விழும்.

நான்கு பக்கத்தையும் சமமாக வைத்துக்கொண்டு, கடைசியில் கோட்டை வளைத்து ஒட்டப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படி ஒட்டவே ஒட்டாது. எண்ணிக்கையை மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள்; ‘எதிரெதிர்ப் பக்கங்களின் வித்தியாசம் = மொத்த ஏற்றம்’ என்பதை மட்டும் விடாதீர்கள். இன்னொன்று: கீழ்நோக்கி வரும் முதல் இரண்டு பக்கங்களில் ரைசர் முகம் நமக்குத் தெரியாது, மற்ற இரண்டில் தெரியும். நான்கிலும் ரைசரை வரைந்தால் பாதிப் படிகள் இறங்குவதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: இதையெல்லாம், போன காலத்துக்கே திரும்பிவரும் காலச் சுழலோடு சேர்த்துப் பேசுகிறார்களே, வெறும் ஒப்புமைதானா?

பதில்: அதைவிட நெருக்கமான உறவு உண்டு. இந்தப் படிக்கட்டில் எந்த இரண்டு படியை எடுத்தாலும் அடுத்தது உயரம்தான். பிழையான மூட்டு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. மொத்தமாகக் கூட்டும்போதுதான் கணக்கு உதைக்கிறது. கணிதவியலாளர் குர்ட் கோடெல் 1949-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குக் கண்ட தீர்வில், சுழலும் பிரபஞ்சத்தில் பயணி ஒவ்வொரு கணமும் எதிர்காலத்தை நோக்கியே போகிறார். ஆனாலும் தன் இறந்தகாலத்துக்கே வந்து சேரும் பாதைகள் அங்கே இருக்கின்றன. படிக்கட்டில் ‘மேலே’ என்பது எப்படியோ, அங்கே ‘பிறகு’ என்பது அப்படி. நெதர்லாந்து ஓவியர் எஷர் 1961-இல் செய்த ‘அருவி’ அச்சோவியத்தில், கால்வாயில் ஓடும் நீர் விழுந்த இடத்திலிருந்தே மீண்டும் விழும் இடத்துக்குப் போய்ச் சேரும். அதைப் பார்க்கும்போது நம் கண் நீரோடு ஓடுகிறது. ஓட நேரம் ஆகிறது. அசையாத படத்துக்குள் காலம் நுழைவது அப்படித்தான்.

கேள்வி: அந்தப் படிக்கட்டில் ஆட்கள் ஓயாமல் ஏறும் லூப் அனிமேஷன் செய்கிறேன். சுற்று திரும்பும் இடத்தில் ஒரு உதறல் தெரிகிறது.

பதில்: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்வதாக எடுத்துக்கொள்வோம். படிகளை +Y திசையில் 5, +X-இல் 4, −Y-இல் 3, −X-இல் 2 என்று அடுக்குங்கள். கேமரா ஆர்த்தோகிராஃபிக் (தூரத்தால் அளவு மாறாதது), சுழற்சி X 54.736, Y 0, Z 135 டிகிரி. தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் கேமராவில் இது பொருந்தாது. நிழலையும் அணைத்துவிடுங்கள், உண்மையான உயர வித்தியாசத்தை நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருவரை முழுச் சுற்று ஏற்றவேண்டியதில்லை. 14 படியிலும் ஒரே உருவத்தில் ஒவ்வொருவரை நிறுத்தி, எல்லோரையும் ஒரே ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். எல்லோரும் அடுத்தவர் இடத்துக்கு வந்ததும் சுற்று முடிந்தது. இதில் கால்கள் முக்கியம்: ஒருவர் வலக்காலை எடுத்தால் அடுத்தவர் இடக்காலை எடுக்கவேண்டும். படிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இது பொருந்தும். 15 படி வைத்தால் ஓரிடத்தில் கால் மாறித் தாவும், காரணம் புரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள நேரும். சட்டை நிறம் ஆளுக்கு ஆள் மாறினால் சுற்றும் 14 மடங்கு நீளும்.

உதறலுக்கு வருவோம். கீஃப்ரேம் (அசைவின் தொடக்க, முடிவு நிலையைக் குறிக்கும் ஃபிரேம்) 1-இலும் 25-இலும் இருந்தால், ரெண்டர், அதாவது படமாக்குவது, 1 முதல் 24 வரைதான். 25-ஆம் ஃபிரேம் முதல் ஃபிரேமின் நகல். அதையும் சேர்த்தால் ஒரு கணம் தேங்கும். ஆளை நகர்த்தும் கீஃப்ரேம்களின் இன்டர்போலேஷனை (நடுவில் உள்ள அசைவை நிரப்பும் முறை) லீனியர், அதாவது சீரான வேகம், ஆக்குங்கள். இயல்பாக வரும் பெசியர் இரு முனைகளிலும் வேகத்தைக் குறைத்துவிடும். மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) போட்டிருந்தால் இரண்டு கீஃப்ரேமுக்கு வெளியேயும் அசைவு தொடர வேண்டும். ஜிஃப் கோப்பில் ஃபிரேமின் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதப்படும், அதனால் நொடிக்கு 30 ஃபிரேம் சரியாக உட்காராது. ஃபிரேமுக்கு நொடியில் நூறில் 4 பங்கு என்று வைத்தால் 24 ஃபிரேமுக்கு 0.96 நொடி.

ஒலியும் வேண்டுமென்றால், உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964-இல் உருவாக்கிய, ஏறிக்கொண்டே இருப்பதாகக் கேட்கும் ஸ்வரம் இருக்கிறது. ஆக்டேவ் (ஸ்தாயி) இடைவெளியில் பல ஒலிகளை ஒன்றாக ஒலித்து, மேல்முனையிலும் கீழ்முனையிலும் இருப்பவற்றின் சத்தத்தை ஒடுக்கிவிடுவதே அதன் சூட்சுமம். வழக்கமான 12 அரைஸ்வரம் 14 படிக்குப் பொருந்தாது. ஆக்டேவை 14-ஆகப் பிரித்து, படிக்கு 85.7 சென்ட் (ஆக்டேவில் 1200-இல் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றுங்கள்.

கேள்வி: வீட்டு மாடிப்படியிலேயே இப்படி ஒரு மாயை ஓவியம் தீட்டலாமா?

பதில்: வேண்டாம். ட்ரெட்டின் விளிம்பு எங்கே என்று கண் ஒரு நொடி தடுமாறினாலும் கால் தவறும். படி திரும்பும் இடத்துச் சுவரில் தீட்டுங்கள்.

கேள்வி: அதே 14 படியை அட்டையில் செய்து, அலைபேசியில் படம் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். மேலே சொன்ன அளவிலேயே செய்தால், படத்தில் ஒட்டித் தெரியும் இரண்டு முனைகளுக்கும் நடுவே உண்மையில் சுமார் 73 மி.மீ. இடைவெளி இருக்கும். கேமரா பக்கத்தில் இருந்தால் முன்முனை பெரிதாகத் தெரிந்து மூட்டு பிசகும். 1.5 மீட்டரில் வித்தியாசம் ஏறத்தாழ 5 சதவீதம். 3 மீட்டரில் பாதி. எனவே தள்ளி நின்று டெலிஃபோட்டோ லென்ஸில் எடுங்கள், அகன்ற லென்ஸ் உதவாது. மிஞ்சும் பிசகைப் போக்க முன்முனைப் படிகளை அந்த அளவுக்குச் சற்றுச் சிறிதாக வெட்டலாம். கேமராவின் சாய்வு 35 டிகிரிக்குச் சற்று அதிகம், துல்லியமாக 35.26. வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவலாக இருக்கட்டும், ஒரே விளக்கு கூடாது. நேரில் பார்க்க வருபவர்களை லென்ஸ் இருந்த இடத்திலேயே கண்ணை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இடைவெளி உடனே தெரிந்துவிடும்.