பேரி ஹெர்ன் ஸ்நூக்கரைக் காப்பாற்றினாரா, கடைச்சரக்காக்கினாரா?

காப்பாற்றினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஸ்நூக்கரின் தொழில்முறைப் போட்டிகளை 2010 முதல் 2021 வரை கையில் வைத்திருந்தவர் இந்த ஹெர்ன். ஆனால் யாரை என்று கேட்டால்தான் பதில் கொஞ்சம் நீளும்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். ஹெர்னும் கணக்காளராக ஆரம்பித்தவர்தான். எழுபதுகளில் இங்கிலாந்தில் ஸ்நூக்கர் கூடங்களை வாங்கிப் போட்டார். அதில் ராம்ஃபோர்டு கூடத்துக்கு விளையாட வந்த ஸ்டீவ் டேவிஸ் என்ற ஒல்லிப் பையனுக்கு மேனேஜர் ஆனார். அந்தப் பையன் ஆறு முறை உலக சாம்பியன். சரக்கை அடையாளம் காணத் தெரிந்த ஆள் என்பதற்கு இதுவே போதும். 

2010-ல் அவர் கைக்கு வந்தபோது ஆட்டம் கிட்டத்தட்ட ஐ.சி.யூ.வில் இருந்தது. சிகரெட் கம்பெனிகளின் ஸ்பான்சர் பணம் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. 2009-10 சீசனில் தரவரிசைப் போட்டிகள் மொத்தமே ஆறு. தொழில்முறை ஆட்டக்காரன் என்று பெயர். வருடத்தில் பாதி நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டிகளின் வர்த்தக உரிமையில் 51 சதவீதம் என் கம்பெனிக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றார் ஹெர்ன். ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள்: 35-க்கு 29. நான்கு பேர் மாற்றிப் போட்டிருந்தால் கதையே வேறு.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சின்னச் சின்னப் போட்டிகள், சீனாவில் வரிசையாகப் பெரிய போட்டிகள், டெல்லியில் 2013-ல் இந்தியன் ஓபன் (அதில் நம்ம ஆதித்யா மேத்தா இறுதிப் போட்டி வரை போனார்). சுமார் 35 லட்சம் பவுண்டாக இருந்த மொத்தப் பரிசுத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது. 2010-ல் இரண்டரை லட்சம் பவுண்டாக இருந்த உலக சாம்பியன் பரிசு, 2019-ல் ஐந்து லட்சம்.

இங்கேதான் என் ஆடிட்டர் புத்தி குறுக்கே வருகிறது. மொத்த வரவைப் பார்த்து மயங்கக் கூடாது, யார் பேரில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். 2013-லிருந்து பெரும்பாலான போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 128 பேரும் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும் என்றார். முன்னணி ஆட்டக்காரர்கள் நேராகப் பின் சுற்றில் இறங்கும் சலுகை போனது, அது நியாயம்தான். ஆனால் முதல் சுற்றில் தோற்றவனுக்கு அநேகமாகப் பைசா கிடையாது. அறை வாடகை, ரயில், சாப்பாடு எல்லாம் அவன் கைக்காசு. தரவரிசையையும் சம்பாதித்த பணத்தை வைத்தே போட ஆரம்பித்தார்கள். 90-வது இடத்தில் இருந்தவனுக்கு, உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற நிலைதான். ஜெயித்தால் பணம், தோற்றால் இன்னும் பயிற்சி செய் என்பதுதான் ஹெர்னின் ஒரே பதில். டேவிஸ் மாதிரி ஒருவரை வளர்த்தவருக்கு அது இயல்பான பதில். மீதி நூறு பேருக்கும் அதுவே மருந்தா?

ஆட்டத்தின் நீளத்திலும் கை வைத்தார். யூ.கே. சாம்பியன்ஷிப்பில் அதிகபட்சம் 17 பிரேம் (தனித்தனி ஆட்டம்) என்று இருந்த தொடக்கச் சுற்றுகளை 2011-ல் 11 ஆக்கினார். டிவிக்கு வசதி. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அவரை எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் காட்சி 2016 வெல்ஷ் ஓபனில் நடந்தது. கார்டிஃபில் ஸ்நூக்கரின் பெரிய நட்சத்திரம் ரோனி ஓ'சல்லிவன், பேரி பின்ச்சஸ் என்ற ஆட்டக்காரருடன் ஆடுகிறார். தவறாமல் பந்துகளைப் போட்டுக்கொண்டே போகும்போது நடுவிலேயே, 147 (ஒரே மூச்சில் எடுக்கும் வழக்கமான உச்சப் புள்ளி) அடித்தால் எவ்வளவு பரிசு என்று விசாரிக்கிறார். பத்தாயிரம் பவுண்டு என்று தெரிகிறது. சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று போய்க்கொண்டிருந்தவர் ஒரே ஒரு தடவை, ஏழு புள்ளிக் கறுப்பை விட்டுவிட்டு வேண்டுமென்றே ஆறு புள்ளி பிங்க் பந்தைப் போடுகிறார். மேசையைக் காலி செய்து 146-ல் முடிக்கிறார். இந்தக் காசுக்கு 147 கிடையாது என்று அர்த்தம். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை மதிக்காத பேச்சு என்று ஹெர்ன் கடிந்துகொண்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் விலைச் சீட்டு ஒட்டியவர் அவர். ஓ'சல்லிவன் சீட்டைப் படித்துவிட்டு, கட்டுப்படியாகாது என்றார், அவ்வளவுதான்.

அவருடைய துணிச்சலுக்கு மட்டும் குறையாத மதிப்பெண். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின் நடுவில், அவருக்கே மாரடைப்பு வந்தது. ஜூன் தொடக்கத்தில் மில்டன் கீன்ஸில் ஆட்களே இல்லாத அரங்கில் பந்து உருண்டது. அப்போது இங்கிலாந்தில் கால்பந்து லீக்கே திரும்பியிருக்கவில்லை.

2021-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த வருடமே, டூரில் (தொழில்முறைப் போட்டித் தொடரில்) இருக்கும் ஒவ்வொருவருக்கும் சீசனுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு உறுதி என்று அறிவிப்பு வந்தது. அவர் நாற்காலியில் இருந்த பத்து வருடத்தில் வராத அறிவிப்பு அது. ஆனால் அதைக் கொடுக்கப் பெட்டியில் இருந்த பணம் அவர் சேர்த்தது.

பத்துக்கு ஏழு போடுவேன். 90-வது இடத்தில் இருந்தவனைக் கேட்டால் நாலு போடுவான்.