தொழில்நுட்பமும் கூலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். தொழில்நுட்ப மாற்றம், வளர்ச்சி பற்றிய ஆய்வுகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. புதுக் கருவி வந்தால் உற்பத்தி பெருகும், உற்பத்தி பெருகினால் நாடு முன்னேறும். இதைச் சொல்ல எதற்கு இத்தனை சமன்பாடு? 2025இல் மோக்கிர், அகியோன், ஹோவிட் மூவருக்கும் நோபல் கிடைத்ததும் இந்த வகை ஆய்வுக்குத்தான். தெரிந்ததையே புரியாத மொழியில் சொல்வதுதான் ஆய்வா? செயற்கை நுண்ணறிவு எல்லார் கைக்கும் வந்துவிட்டால் ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வித்தியாசமே போய்விடாதா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அலுப்பு புரிகிறது. சமன்பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் கட்டுரைகள் நிறையவே உண்டு. ஆனால் ‘தெரிந்ததுதானே’ என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. புதுக் கருவி வந்தால் உற்பத்தி பெருகும் என்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி பொய்த்துப்போகும் விஷயம்.

முதலில் பழைய கதை. 1957இல் ராபர்ட் சோலோ என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி அந்த நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்கைத்தான் கூடுதல் மூலதனத்தால் விளக்க முடிந்தது. மீதி ஏழு பங்குக்கும் ‘தொழில்நுட்ப மாற்றம்’ என்று பேர் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே மோசஸ் அப்ரமோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் இந்த மீதியை நம் அறியாமையின் அளவு என்று சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். அதன் பிறகு வந்த வளர்ச்சிக் கோட்பாடுகளில் பாதி, அந்த மீதிக்குள் என்ன இருக்கிறது என்று துழாவியவைதான்.

மேலிருந்து பார்த்தவர்களைவிடப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களே எனக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கிறார்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கே கால்பந்து தைத்துக் கொடுக்கும் ஊர். வழக்கமான பந்தில் 20 அறுகோணத் துண்டுகள், 12 ஐங்கோணத் துண்டுகள். ரெக்சின் (செயற்கைத் தோல்) தாளின் மேல் அச்சை, அதாவது ‘டை’ என்னும் வெட்டும் கருவியை, வைத்து அழுத்தி இவற்றை வெட்டுகிறார்கள். அறுகோணங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்ளும், ஐங்கோணங்கள் ஒட்டாது. நடுவில் உள்ள ரெக்சின் வீண். டேவிட் அட்கின், எரிக் வெர்ஹூகன் முதலான ஐந்து ஆய்வாளர்கள் கொண்ட குழு, ஐங்கோணங்களை நெருக்கி அடுக்கும் ஓர் அச்சைச் செய்வித்தது. ஒரே தாளில் கூடுதல் துண்டுகள் கிடைக்கும். மொத்தச் செலவில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். லாபம் பத்து சதவீதத்தைத் தொடாத தொழிலில் இது சின்னத் தொகை இல்லை. 2012இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 35 பட்டறைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால், அதைப் பயன்படுத்தியவை ஐந்தே பட்டறைகள்.

காரணம் கூலியில் இருந்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளில் வெட்டுகிறவருக்கு பீஸ் ரேட். எத்தனை துண்டு வெட்டினாரோ அத்தனைக்குக் காசு. புது அச்சில், ஆரம்பத்திலாவது, கை வேகம் குறையும். மிச்சமாகும் ரெக்சின் முதலாளிக்கு, குறையும் வருமானம் தொழிலாளிக்கு. அவர் என்ன செய்வார்? ‘இது சரிப்படாது சார்’ என்பார். முதலாளி அச்சைப் பிடித்ததில்லை, ஆகவே நம்பிவிடுவார். இங்கே யாருமே முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு: புது அச்சைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய நிறுவனம், தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம்.

அப்புறம் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சில பட்டறைகளில் வெட்டுகிறவர் ஒருவருக்கும், வெட்டிய துண்டுகளின் மேல் சின்னங்களைப் பதிப்பவர் ஒருவருக்கும் ஏறக்குறைய ஒரு மாத வருமானம் தருவதாகச் சொன்னார்கள். நிபந்தனை ஒன்றுதான்: புது அச்சில் வேலை செய்யத் தெரியும் என்று முதலாளி கண்முன் செய்துகாட்ட வேண்டும். அந்தப் பட்டறைகளில் அச்சின் பயன்பாடு உயர்ந்தது. பட்டறையின் மொத்த வரவுசெலவில் அந்தப் பணம் ஒரு பொருட்டே இல்லை. இதை முதலாளிகளே ஏன் கொடுக்கவில்லை என்பது அந்தக் கட்டுரையை விடவும் பெரிய கேள்வி. கூலி முறையை மாற்றுவதென்றால் வழக்கத்தை, பேச்சுவார்த்தையை, சந்தேகத்தை எல்லாம் தொட்டாக வேண்டும். அச்சை மாற்றுவது சுலபம்.

இனி உங்கள் ‘எல்லார் கைக்கும் வந்துவிட்டால்’ என்பதற்கு வருகிறேன். ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட கேரள மத்தி மீன் ஆய்வைப் படித்திருப்பீர்கள். 1997 முதல் 2001 வரை கடலோர மாவட்டங்களில் செல்போன் ஒவ்வொன்றாக வந்தபோது, படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு திரும்ப முடிந்தது. கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்போன் புகழ் பாடினார்கள்.

பிறகு ஃபாஃப்சாம்ஸ், மின்டன் இருவரும் மகாராஷ்டிரத்தில் நூறு கிராமங்களில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதே போன், அதே தகவல். படகை இன்னொரு கரைக்குத் திருப்பலாம். வழக்கமான மண்டியை விட்டுவிட்டு வேறு மண்டிக்குப் போக வண்டி வேண்டும், நேரம் வேண்டும், அங்கே நம்பி விற்க ஆள் வேண்டும். வித்தியாசம் அங்கேதான் என்பது என் ஊகம். முதல் ஆய்வைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேட்டிருப்பார்கள்?

செயற்கை நுண்ணறிவு பற்றி ஆரூடம் சொல்லத் தயாரில்லை. பால் டேவிட் 1990இல் எழுதிய மின்மோட்டார் கட்டுரையை மட்டும் ஒருமுறை படியுங்கள். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் வந்துவிட்டது. 1900 வாக்கில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள்; அதிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் சக்தியைக் கொண்டுபோக, கூரையில் ஓடிய ஷாஃப்டும் (சுழலும் தண்டு) பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கொடுத்து, வேலை நகரும் வரிசைப்படி கட்டடத்தையே மாற்றிக் கட்டிய பிறகு, 1920களில்தான் உற்பத்தித் திறன் எகிறியது. வெவ்வேறு நாடுகளுக்கு ஒரு தொழில்நுட்பம் போய்ச்சேர எடுக்கும் காலத்தைக் கோமின், ஹோபைன் என்ற பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள்: கண்டுபிடித்த ஆண்டிலிருந்து சராசரியாக 45 ஆண்டுகள். புதியவை சீக்கிரம் வந்துவிடுகின்றன, சரி. வந்த பிறகு எவ்வளவு ஆழமாகப் புழங்குகின்றன என்பதில் இடைவெளி கூடிக்கொண்டு போகிறது என்று கோமினின் பிந்தைய ஆய்வு சொல்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், போய்விடாது.

தலைப்பு தேடுவதாகச் சொன்னீர்கள். நாடுகளை வரிசைப்படுத்தி வருமானத்தோடு எதையாவது பொருத்திப் பார்க்கும் ஆய்வு வேண்டாம் என்பேன். அது ஏற்கெனவே மலைபோல் குவிந்திருக்கிறது. ஒரு தொழிலை எடுங்கள். அண்மையில் வந்தும் பரவாமல் கிடக்கும் ஒரு கருவியைத் தேடுங்கள். அதை இயக்குபவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது, கருவி மாறினால் முதல் மாதத்தில் அவர் கைக்கு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். முதலாளியிடம் தனியாக, தொழிலாளியிடம் தனியாக. இரண்டு பதிலும் ஒத்துப்போகாத பட்டறையில் தொடங்கலாம். சமன்பாடு தேவைப்பட்டால் பிறகு எழுதிக்கொள்ளலாம், உங்கள் வழிகாட்டி எப்படியும் கேட்பார்.