ஃபங்க் இசையின் மவுசு ஏன் குறைந்தது?

ஃபங்க் என்பது 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள் உருவாக்கிய ஆட்ட இசை. ராகத்தைவிடத் தாளம்தான் இதில் ராஜா. நான்கு தட்டுகளில் முதல் தட்டுக்கு முழு அழுத்தம் கொடுக்கத் தன் குழுவை வைத்தார் ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். மற்ற இடங்களில் பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஊதுகருவிகள் எல்லாம் ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்று புகுந்து விளையாடும். கேட்டால் கால் சும்மா இருக்காது.

1970களின் பிற்பாதியில் டிஸ்கோ வந்தது. நான்கு தட்டும் ஒரே அழுத்தம். யாரும் எளிதாக ஆடிவிடலாம். வானொலியும் நடன அரங்குகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனால் பெரிய அடி பணத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். ஃபங்க் இசைக்கலைஞர் ஜார்ஜ் கிளின்டனின் குழு போல மேடை நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்குச் செலவு அதிகம். 1980இல் ஆள் இல்லாமலே தாளம் வாசிக்கும் லின், ரோலண்ட் நிறுவனங்களின் டிரம் இயந்திரங்கள் வந்தன, பல கருவிகளின் ஒலியை மின்னணு முறையில் எழுப்பும் சின்தசைசரும் சேர்ந்துகொண்டது. கல்யாணக் கச்சேரிக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் ஒரே கீபோர்டுக்காரர் வந்து முடித்துவிட்டுப் போவது போலத்தான். கூலி மிச்சம். ஆனால் பத்துப் பேர் ஒருவரையொருவர் கவனித்து வாசிக்கும்போது பிறக்கும் அந்த உயிர் இயந்திரத்தில் கிடைக்காது.

அப்புறம், ஃபங்க் செத்துவிட்டது என்று பலர் நினைப்பது தவறு: ஜேம்ஸ் பிரவுனின் 1970 பாடல் ஒன்றில் அவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசித்த சில நொடி டிரம்ஸை வெட்டியெடுத்துத்தான் எத்தனையோ ஹிப் ஹாப் பாடல்கள் உருவாகின.