ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இயற்கைப் பொருட்களைப் பார்த்ததில் உங்களை அதிகம் வியக்க வைத்தது எது? புதியவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

எனக்கு முதல் இடம் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகுக்குத்தான். தென் அமெரிக்கக் காடுகளில் பறக்கும், கண்ணைப் பறிக்கும் நீலம் கொண்ட பூச்சி. இந்தக் கருவியில் வைத்தால் அந்த நீலம் காணாமல் போய்விடும். கருவி ஒளியால் பார்ப்பதில்லை. எலக்ட்ரான் கற்றையை மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக ஓட்டி, அங்கிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களைப் பிடித்துச் சாம்பல் நிறப் படமாக்குகிறது. இணையத்தில் நாம் காணும் வண்ணப் படங்களெல்லாம் பிறகு கணினியில் நிறம் ஏற்றியவை.

ஆனால் நிறத்தின் காரணம் தெரிவது இங்கேதான். முதலில் கூரை ஓடுகள் மாதிரி வரிசையாக அடுக்கிய செதில்கள். ஒரு செதிலை நெருங்கினால் நீளவாக்கில் வரப்பு வரப்பாக ஓடும். செதில் உடைந்த இடம் ஒன்று கிடைத்து, வரப்பின் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டால் போதும்: இரண்டு பக்கமும் மெல்லிய தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். கைட்டின் (பூச்சியின் ஓடும் சிறகும் ஆன பொருள்), காற்று, கைட்டின், காற்று என்று மாறி மாறி வரும் அந்த அடுக்குகள்தான் நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. நீலச் சாயம் என்று அங்கே எதுவும் கிடையாது. சிறகில் ஆல்கஹால் பட்டால் இடைவெளியில் இருந்த காற்று போய், நிறம் பச்சைப் பக்கம் நகரும். உலர்ந்ததும் நீலம் திரும்பிவிடும். அந்தத் தட்டுகளைக் கண்ணால் பார்த்த பிறகு இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதில் தனி சந்தோஷம் இருக்கிறது.

இயற்கை எதையும் செய்துகொள்ளப் புதுப் புதுப் பொருட்களைத் தேடுவதைவிட, கையில் இருக்கும் பொருளின் வடிவத்தைத்தான் அதிகம் மாற்றுகிறது என்பது என் எண்ணம். தாமரை இலையும் அப்படித்தான். தண்ணீர் ஒட்டாத இலை வழவழப்பாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இலைகளை இந்தக் கருவியில் ஆராய்ந்தபோது நேர்மாறாகக் கண்டார்: கழுவாமலேயே சுத்தமாக இருந்த இலைகள் சொரசொரப்பானவை. தாமரை இலை முழுக்கச் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மேடுகள், அவற்றின் மேல் நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மெழுகுக் குழல்கள். துளி அந்த முனைகளில் மட்டும் உட்கார்ந்து, அடியில் காற்று தங்கிவிடுகிறது. உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. சக தாவரவியலாளர் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து பார்த்லாட் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் அந்த மெழுகுக் குழல்கள் பிடிபடாது.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? ஏற்கனவே உலர்ந்தும் உறுதியாகவும் இருப்பவற்றிலிருந்து. பூச்சிச் சிறகு, பூச்சியின் கூட்டுக்கண், டயட்டம் என்ற பாசியின் சிலிக்கா ஓடு, மகரந்தம். இவற்றைக் கார்பன் டேப்பில் (மின்சாரம் கடத்தும் ஒட்டு நாடா) ஒட்டி, சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசினால் போதும். தங்கம் பூசாவிட்டால் மின்னூட்டம் தேங்கி, படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழும்.

ஈரமான பூவிதழையோ இலையையோ அப்படியே வைக்காதீர்கள். கருவியின் உள்ளே வெற்றிடம். நீர் வெளியேறும்போது செல்கள் நசுங்கிவிடும். நீங்கள் பார்க்கும் சுருக்கம் பூவுடையதாக இருக்காது. முறையாகச் செய்வதென்றால் திசுவைப் பதப்படுத்தி, நீரை ஆல்கஹாலாலும், ஆல்கஹாலைத் திரவக் கார்பன் டை ஆக்சைடாலும் மாற்றி, 31 டிகிரி செல்சியஸ், சுமார் 73 வளிமண்டல அழுத்தம் என்ற எல்லையைத் தாண்டி உலர்த்துவார்கள். அந்த நிலையில் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே பரப்பே இல்லாததால், செல்களை இழுத்து நசுக்கும் பரப்பு இழுவிசையும் இல்லை. மகரந்தத்திலும் சில வகைகள் உள்வாங்கிப் போகும், அதனால் ஒரே ஒரு மணியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

கற்றையின் மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். 15, 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்கள் ஆழமாக நுழைவதால் மேற்பரப்பின் நுணுக்கம் மங்கிவிடும். இலை மெழுகு, சிறகு போன்றவற்றுக்கு 2 முதல் 5 கிலோவோல்ட் நல்லது. மெழுகு சூட்டில் உருகும் ஆபத்தும் குறைவு.

அப்புறம் சிப்பி ஓடு கிடைத்தால் அதன் பளபளக்கும் உட்புறத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஓட்டை உடைத்து, உடைந்த விளிம்பு மேலே வரும்படி ஒட்டுங்கள். அரை மைக்ரான் தடிமனுள்ள அராகனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) தகடுகள் அடுக்கடுக்காக, நடுவில் மிக மெல்லிய புரதப் படலத்தோடு தெரியும். விரிசல் நேராகப் போகாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றி வளைந்து போயிருக்கும். வெறும் கால்சியம் கார்பனேட் இவ்வளவு அடி தாங்குவது எப்படி என்பதற்கு அந்த விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.