ஜப்பானிய ஐ.டி. ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜப்பானிய சிஸ்டம் இன்டக்ரேஷன் நிறுவனங்கள் (வாடிக்கையாளருக்குக் கணினி அமைப்பு உருவாக்கித் தருபவை) ஒரே புராஜெக்டுக்குப் பல ஒப்பந்தங்கள் போடுவது ஏன்?

பதில்: தேவைகளைத் தீர்மானிக்கும் கட்டத்தில் வேலையின் அளவு யாருக்கும் பிடிபடாது. அதனால் அங்கே பெரும்பாலும் ‘ஜுன்-இனின்’ ஒப்பந்தம்தான். கவனமாக உழைக்க வேண்டும். முடித்துத் தரும் கட்டாயம் பொதுவாக இல்லை. டிசைன், கோடிங் கட்டங்களுக்கு ‘உகெஒய்’. அதில் சொன்னதை முடித்துக் கொடுத்தால்தான் பணம். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம், குறையைத் தெரிவிப்பதற்கான ஓராண்டுக் கணக்கை, வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து அல்ல, வாடிக்கையாளர் குறையைக் கண்ட நாளிலிருந்து தொடங்க வைத்தது. ஆகவே பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே தனிக் கெடு எழுதிக்கொள்கின்றன. துணை ஒப்பந்தக்காரர் முதலில் படிக்க வேண்டியது ‘கென்ஷூ’ பிரிவை, அதாவது வாடிக்கையாளர் சோதித்து ஏற்றுக்கொள்வது பற்றிய பிரிவை. குறித்த நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரி இல்லையென்றால், பில் தொங்கும். டெஸ்ட் செய்த ஒவ்வொரு திரையையும் படமெடுத்து எக்செலில் ஒட்டச் சொல்வார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தகராறு வந்தால் அதுவே கைவசமுள்ள சாட்சி.

கேள்வி: 2021-இல் ஜப்பானின் மிசுஹோ வங்கி ஏடிஎம்கள் கார்டுகளை விழுங்கியது எப்படி?

பதில்: அன்று பிப்ரவரி 28. மாதக்கடைசி வழக்கமான வேலையோடு, நெடுநாள் அசைவில்லாத டெபாசிட் கணக்குகளின் தரவு மாற்றத்தையும் சேர்த்து ஓட்டினார்கள். பரிவர்த்தனையை ரத்து செய்ய உதவும் இன்டெக்ஸ் (தரவைத் தேடும் அட்டவணை), மெமரியில் ஒதுக்கிய அளவைத் தாண்டியது. ரத்தும் ஆகாமல் கணக்குகள் பூட்டிக்கொள்ள, சிக்கல் ஏடிஎம் வரை பரவியது. பிழை வந்தால் கார்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி ஏடிஎம்மை அமைத்திருந்ததுதான் பெரிய வினை: 5,244 கார்டுகளும் பாஸ்புக்குகளும் உள்ளே போயின.