அலாரமும் பார்க்கிங் விளக்கும்: கேள்வி பதில்

கும்பகோணம் வாசகர்: ஐயா, வெளியில் வாங்கிக் காரில் பொருத்திய திருட்டு அலாரத்தில் விளக்குக்கென ஒரே வயர் வந்தது. அதை இரு பக்க இண்டிகேட்டர்களிலும் சேர்த்துவிட்டேன். இப்போது இடப்பக்கம் போட்டாலும் இரு பக்கமும் மின்னுகின்றன. ஏன்?

பதில்: இரு பக்க வயர்களையும் ஒன்றாக முறுக்கியதால் இடமும் வலமும் ஒரே சுற்றாகிவிட்டன. இதை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அலார வயரை இரு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்து, அதன் கோடு போட்ட முனை விளக்கை நோக்கி இருக்குமாறு இணைத்தால், அலாரத்தின் மின்சாரம் இரு பக்கமும் போகும். ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் தாவாது. ஒரு பக்கத்தில் 21 வாட் பல்பு இரண்டும் 5 வாட் பல்பு ஒன்றும் இருந்தால் மொத்தம் 47 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 1 ஆம்பியர் டயோடு கருகிவிடும் என்பதால் 6 ஆம்பியர் டயோடையே கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் சேர்ந்து 8 ஆம்பியர் ஆவதால், அலாரப் பெட்டி அவ்வளவு தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்து, தாங்காதென்றால் இடையில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வையுங்கள்.

மன்னார்குடி வாசகர்: அண்ணா, அலாரத்தைப் பார்க் லைட் வயரில் இணைக்க வேண்டும். அந்த வயர் என்ன நிறம்?

பதில்: தம்பி, நிறம் வண்டிக்கு வண்டி மாறும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை நம்புங்கள். கறுப்பு முனையைப் பாடி எர்த்திலும் (வண்டியின் உலோக உடல்), சிவப்பு முனையை வயரிலும் வைத்துப் பாருங்கள். பார்க் லைட்டைப் போட்டால் 12 வோல்ட்டும், அணைத்தால் சுழியும் காட்ட வேண்டும். டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும்போது வோல்ட்டும் குறைந்தால், அது மீட்டர் விளக்கின் வயர். சில வண்டிகளில் சுவிட்ச் வயர் விளக்கைப் போடும்போதுதான் சுழிக்கு இறங்கும். அது எர்த் வழியாக இயங்குவது. அதில் அலாரத்தின் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காமல், ரிலேயின் 86 என்று எண்ணிட்ட முனையில் அலார வயரையும், 85-இலும் 30-இலும் எர்த்தையும், 87-இல் அந்த சுவிட்ச் வயரையும் இணைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கினுடையவை. அவற்றில் கை வைக்காதீர்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: ஆறே மாதத்தில் இணைப்பு பச்சை பூத்துவிட்டதே?

பதில்: உப்புக் காற்றில் செம்பு அரித்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உங்கள் ஊரில் நிலைக்காது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி, சாலிடர் செய்து, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். சம்பா அறுவடைக்குப் பின் வயல் எலிகள் வண்டிக்குள் புகுந்து வயரைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே பானெட்டுக்குள் செல்லும் வயருக்குக் குழாய் உறையும், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸும் கட்டாயம் வையுங்கள்.